உயிருக்கு இழப்பீடு: மண்டைக்காடு 1982-க்கு முன்னும் பின்னும்

மண்டைக்காட்டில் கல்லூரி மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு 1982-க்குப் போனது. மாசிக் கொடை நேரம், மார்ச் 1. இந்து-கிறிஸ்தவ மோதல், அதைத் தொடர்ந்து போலீஸ் துப்பாக்கிச் சூடு, கடற்கரை மக்கள் ஆறு பேர் சாவு. "செத்தவங்க வீட்டுக்காரங்க கவர்மெண்ட் மேல கேஸ் போட்டிருக்கலாம்லா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். இறந்தவர்கள் தலித்துகள் அல்ல. ஆனாலும் அது நம்முடைய கேள்விதான். போலீஸ் தோட்டா எந்தத் தெருக்களைத் தேடி வரும் என்பது நமக்குத் தெரியாததா?

சட்டம் அப்போதும் இருந்தது. இங்கிலாந்தின் 1846 சட்டத்தைப் பார்த்து இங்கே 1855-இல் கொண்டுவந்த கொடிய விபத்துகள் சட்டம். அதற்கு முன் ஆங்கிலச் சட்டத்தில் ஒருவரின் கையை ஒடித்தால் நஷ்டஈடு உண்டு, கொன்றுவிட்டால் கிடையாது. வழக்குப் போடும் உரிமையும் அவரோடு செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 1855 சட்டம் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குப் போட வழி செய்தது. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். அக்கா, தம்பி கிடையாது. அண்ணன் சம்பாத்தியத்தில் படித்த தங்கைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கொன்றவர் தனியாள் என்றால் இது ஓடும். கொன்றது அரசு என்றால்?

கல்கத்தா கிடர்பூர் கப்பல் தளத்தில் அரசாங்க ஆட்கள் இரும்புச் சாமானைக் கீழே போட்டு ஒரு வண்டிக் குதிரை காயப்பட்டது. அரசாங்கம் 350 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 1861-இல் தீர்ப்பானது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது: வியாபாரம் மாதிரியான வேலை என்றால் பொறுப்பு, ஆட்சி அதிகாரத்தில் செய்தது என்றால் பொறுப்பில்லை. சுதந்திரம் வந்தும் அந்தக் கோடு அழியவில்லை. 1947-இல் மீரட் போலீஸ் ஒரு வியாபாரியிடம் பறிமுதல் செய்த தங்கத்தை ஏட்டு ஒருவர் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கைதும் பறிமுதலும் இறையாண்மை அதிகாரம், ஆகவே அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கஸ்தூரிலால் வழக்கு அது. நீதிபதிகளுக்கே அது மனதுக்கு ஒப்பவில்லை, சட்டம் கொண்டுவாருங்கள் என்றார்கள். நாடாளுமன்றம் கொண்டுவரவில்லை.

குதிரைக்குக் கிடைத்தது வியாபாரிக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் செத்த மீனவனுக்கு? மண்டைக்காட்டுக் குடும்பம் சிவில் கோர்ட்டுக்குப் போயிருந்தால், கேட்கும் தொகைக்கேற்ற கட்டணத்தையும் கட்டி, எதிரே இந்தத் தீர்ப்பைச் சந்தித்திருக்க வேண்டும். நீதிபதி வேணுகோபால் விசாரணைக் கமிஷன் வந்தது. 1952 சட்டப்படி கமிஷன் அறிக்கைதான் தரும். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை.

அந்த மார்ச்சில், 1968-இலேயே விடுதலையான ருதுல் சா பீகார் சிறையில்தான் கிடந்தார். பதினான்கு ஆண்டு. 1983-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது, சிவில் வழக்குக்கு அனுப்பாமல் ரிட் மனுவிலேயே. பத்தாண்டு கழித்து நிலபதி பெஹரா. ஒடிசாவில் போலீஸ் கூட்டிப்போன 22 வயது மகன் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தாய் நீதிமன்றத்துக்கு எழுதியது ஒரு கடிதம், அவ்வளவுதான். 1993-இல் அவருக்கு ஒன்றரை லட்சம். அடிப்படை உரிமை பறிபோன வழக்கில் இறையாண்மைச் சாக்கு செல்லாது என்று அதில்தான் தெளிவாக எழுதினார்கள். மண்டைக்காட்டுக்குப் பதினோரு ஆண்டு பிந்தி.

அதற்காக இப்போது எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படிச் செத்தார் என்பதிலேயே தகராறு என்றால் ரிட் திணறும். 1999 ஜூலை 23, தாமிரபரணியில் 17 பேர். தடியடிக்குப் பயந்து ஓடி மூழ்கினார்கள் என்றது அரசுத் தரப்பு. அதனால்தான் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி நாம் மார்ச்சுவரி வாசலில் சண்டை போடுகிறோம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் வரும் நிவாரணம் வேறு. 2016 திருத்தம் கொலைக்கு 8,25,000 ரூபாய் வைத்தது, தமிழ்நாட்டில் பிறகு கூட்டியிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் பாதி. அதை வாங்கினால் வழக்குரிமை போய்விடாது. முதல்வர் நிவாரண நிதியும் அப்படித்தான், பின்னால் வரும் தொகையில் கழிக்கலாம், அவ்வளவே. "இனி எதுவும் கோர மாட்டோம்" என்று ஒரு தாள் செக்கோடு சேர்ந்து வந்தால் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. துக்க வீட்டில் அந்தத் தாளை நீட்டுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தர வேண்டும். நாங்கள் இப்போது எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ஃபைல் அட்டையில் முதலில் எழுதுவது இரண்டு தேதிகள். இறந்த நாள், அதிலிருந்து இரண்டு வருடம் முடியும் நாள்.