தளபாடத்தின் வமிசாவளி

மேனாட்டு ஏலக்கூடங்களிலே பழைய தளபாடத்துக்கும் பீங்கானுக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் விலையை உயர்த்துவது வேலைப்பாடு மாத்திரமன்று. எந்தக் குடும்பத்தில் இருந்தது என்னும் வமிசாவளியுமாகும். அந்த வமிசாவளியை நாம் முழுமையாகப் படித்தல் வேண்டும்.

இங்கிலாந்திலே, யோர்க்‌ஷயரிலுள்ள ஹெயர்வூட் மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1759ஆம் ஆண்டில் எட்வின் லாசெல்ஸ் அதனைக் கட்டத் தொடங்கினார். தளபாடஞ் செய்தளித்தவர் தச்சர் குடும்பத்திற் பிறந்த தோமஸ் சிப்பென்டேல். 1773இல் அவர் அளித்த அலங்கார அலுமாரியொன்றின் விலை 86 பவுண். ரோமத் தேவியர் இருவரின் உருவங்கள் அதிலே இழைக்கப்பட்டுள்ளன. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. அது உழைப்பாளியின் கைத்திறன்.

ஆனால், அந்த 86 பவுண் எங்கிருந்து வந்தது?

லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலே சீனி வாணிபத்தாலும், அடிமை வாணிபத்தாலும், தோட்டக்காரருக்குக் கொடுத்த கடனாலும் திரண்டது. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. பெற்றவர் அடிமைகளல்லர்; உடைமையாளரே. 1,200க்கு மேற்பட்ட மனிதரின் விலையாக ஹெயர்வூட் பிரபுவுக்கு 26,000 பவுணுக்கு மேற் கிடைத்தது. ‘விடுதலை’ பெற்றோரோ, தொழில் பயில்வோர் என்ற பெயரில், 1838வரை அதே தோட்டங்களிற் கூலியின்றி உழைத்தனர்.

உடைமையாளரின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக நாம் அறிவோம். கரும்பு வெட்டியோர் தோட்டக் கணக்கேட்டிலே ஒற்றைப் பெயராகவும் விலையாகவுமே எஞ்சினர். அவர்களையுஞ் சேர்த்து எழுதும்வரை அந்த அலுமாரியின் வமிசாவளி அரைகுறையானதே.