துறைமுகக் கூலியும் கப்பல் முதலாளியின் கணக்கும்: சார்லஸ் பூத் பற்றி ஒரு மறுவாசிப்பு

சார்லஸ் பூத்தைப் (1840–1916) பற்றி எழுதுவோர் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒருவர் கப்பல் நிறுவன முதலாளி. மற்றவர் லண்டன் வறுமையை அளந்த ஆய்வாளர். முன்னவர் ஈட்டிய பணத்தில் பின்னவர் ஆய்வு நடத்தினார் என்பதோடு இருவருக்குமான உறவு முடிந்துவிடுகிறது. இப்படிப் பிரிப்பதால் அவரது ஆய்வின் வலுவும் தெரியாமல் போகிறது, ஊனமும் தெரியாமல் போகிறது. ஆய்வு செய்தவரும் கப்பல் முதலாளிதான் என்பதே என் வாதம்.

லிவர்பூலின் யூனிடேரியன் கிறித்தவ வணிகக் குடும்பங்கள் கொள்வினை கொடுப்பினையால் பிணைந்தவை. அப்படியொரு குடும்பத்தில் தானிய வணிகரின் மகனாகப் பிறந்த பூத், லாம்போர்ட் அண்ட் ஹோல்ட் கப்பல் நிறுவனத்தில் தொழில் பழகினார். அண்ணன் ஆல்ஃபிரடுடன் தோல் வணிகத்தில் இறங்கினார். 1866இல் சகோதரர்களின் நீராவிக் கப்பல்கள் வட பிரேசில் துறைமுகங்களுக்கு ஓடத் தொடங்கின. 1871இல் அவர் மணந்த மேரி, மெக்காலே பிரபுவின் தம்பி மகள். (நம் ஆங்கிலக் கல்வி விவாதங்களில் இன்றும் பெயர் அடிபடும் அதே மெக்காலேதான்.)

1886இல் தொடங்கிய ஆய்வு 1903இல் 17 தொகுதிகளாக நிறைவுற்றது. குடும்பங்களை ஏ முதல் எச் வரை எட்டு வகுப்புகளாக்கி, தெருக்களுக்குக் கறுப்பு முதல் மஞ்சள் வரை நிறம் தீட்டினார். தகவல் தந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் வருகை அலுவலர்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தந்த வீட்டு நிலவரம் அத்துப்படி. தொலைதூரத் துறைமுக முகவர்களின் கடிதங்களை ஒப்பிட்டு முடிவெடுத்தே பழகிய வணிகருக்கு இந்த வழி புதிதாக இருந்திருக்காது. லண்டனில் வறுமையில் இருந்தோர் 30.7 விழுக்காடு என்று கணக்கு வந்தது.

ஆனால் அந்த எண்ணைவிட, காரணங்களைப் பற்றிய அவரது பகுப்பாய்வே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடிமட்டத்து ஏ, பி வகுப்புகளில் வறுமைக்குக் காரணமாக 55 விழுக்காட்டில் நின்றது வேலை சார்ந்த சிக்கல், அதாவது நிரந்தரமில்லாத வேலையும் குறைந்த கூலியும். குடியும் ஊதாரித்தனமும் 14 விழுக்காடுதான். ஏழ்மையை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் கண்ட காலத்தில் இது சிறிய செய்தியல்ல.

நிரந்தரமில்லாத வேலைக்குக் கப்பல் துறையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. காற்று, பருவம், சரக்கு விலை எல்லாம் பார்த்துத்தான் கப்பல் வரும். விடியலில் துறைமுக வாசலில் கூட்டம் முண்டியடிக்கும். மேஸ்திரி கைகாட்டியவனுக்கு வேலை, மற்றவர்களுக்கு அன்றைக்குப் பட்டினி. வேலை கிடைத்தவனையும் ஓரிரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். 1889 வேலைநிறுத்தத்தில் லண்டன் தொழிலாளர் கேட்டது மணிக்கு ஆறு பென்ஸ், எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேர வேலை. இந்த ஏற்பாட்டின் ஆதாயம் கப்பல் முதலாளிகளுக்கு. ஆட்கள் எப்போதும் மலிவாகக் கையருகில் கிடைத்தார்கள்.

பூத் இதை அறியாதவரல்ல. 1892இல் அரச புள்ளியியல் கழகத்தின் தலைவராக ஆற்றிய தொடக்க உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே துறைமுக உழைப்புதான். பட்டியலில் உள்ள நிரந்தர ஆட்களுக்கே வேலையைக் குவிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அப்படியானால் பட்டியலுக்கு வெளியே நிற்பவன் கதி? பி வகுப்பினரை நகருக்கு வெளியே அரசுக் கண்காணிப்பிலுள்ள குடியிருப்புகளுக்கு அகற்றலாம் என்று தம் ஆய்வில் அவர் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். நோயைச் சரியாகக் கண்டவர் மருந்தில் சறுக்கும் இடம் இதுவே. கப்பல் வரத்தின் ஏற்ற இறக்கத்தால் வரும் செலவை அதனால் ஆதாயம் பெறும் முதலாளி ஏற்க வேண்டும் என்ற எண்ணம் அவர் கணக்கில் நுழையவில்லை.

முதியோர் ஓய்வூதியத்துக்காக அவர் பல்லாண்டு வாதாடினார். 1908 சட்டம், 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கும் செலவு அரசுக் கருவூலத்தின் தலையில். துறைமுகத்தில் வேலையில்லாத நாளுக்கான படியை முதலாளிகளிடம் வசூலித்த நிதியிலிருந்து தரும் நிரந்தர ஏற்பாடு, 1947இன் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டத்தில்தான் வந்தது. அப்போது பூத் மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.