அந்நிய நேரடி முதலீட்டுவழித் தொழில்நுட்பப் பரவல்

அந்நிய நேரடி முதலீட்டுடன் வரும் உற்பத்தி நுட்பமும் மேலாண்மை முறையும் முதலீடு பெறும் நாட்டின் நிறுவனங்களைச் சென்றடைவது. ஒரே தொழிலின் போட்டியாளரிடையே நிகழ்வது கிடைநிலைப் பரவல். உதிரிபாகம் வழங்குவோர், வாங்குவோர் வழியே நிகழ்வது செங்குத்துப் பரவல். பின்னதே பொதுவாக வலுவானது: போட்டியாளரிடம் நுட்பத்தை மறைக்கும் நிறுவனம், பாகத்தின் தரம் கெடாதிருக்க வழங்குநருக்குத் தானே கற்றுத்தருகிறது.

செங்குத்துப் பரவலுக்கு எடுத்துக்காட்டாக, இந்தியாவில் ஜப்பானின் சுசுகி, 1982 ஒப்பந்தப்படி அரசு கார் நிறுவனமான மாருதி உத்யோகில் 26 விழுக்காடு பங்கு பெற்றது. 1983 டிசம்பரில் குர்கானில் வெளிவந்த முதல் கார்கள் பெரும்பாலும் ஜப்பானியப் பாகங்களைப் பூட்டியவையே. உள்நாட்டுப் பாகங்களைக் கூட்டவேண்டும் என்ற அரசு நிபந்தனையால் ஆலையைச் சுற்றிக் கூட்டு உதிரிபாகத் தொழிலகங்கள் எழுந்தன. அந்நிய முதலீட்டின் விளைவு எங்கும் ஒன்றல்ல. வெனிசுவேலாவை ஆராய்ந்த எயிட்கன், ஹாரிசன் (1999) உள்நாட்டு ஆலைகளின் உற்பத்தித்திறன் சரிந்ததைக் கண்டனர். லித்துவேனியாவில் வழங்குநர் துறைகளின் உற்பத்தித்திறன் உயர்ந்ததை யாவோர்சிக் (2004) பதிவுசெய்தார்.