இருமல் சிரப்பில் 48.6% டிஇஜி: இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப் மீது சந்தேகம் எழுந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைகால், அதாவது டிஇஜி, 48.6% இருந்தது. அனுமதி 0.1% வரைதான்.

டிஇஜின்னா என்ன?

நிறமற்ற, இனிப்பான, கொழகொழப்பான திரவம். பிரேக் ஆயில், மை தயாரிப்பில் பயன்படும் தொழிற்சாலைக் கரைப்பான். உடலுக்குள் போனதும் டைகிளைகாலிக் அமிலமாக மாறி, சிறுநீரக செல்களை அழிக்கும்.

அது மருந்துக்குள் எப்படி வருது?

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கரைக்க புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்துக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலைத் தரத்தை வாங்கினால், அதில் டிஇஜி இருக்கலாம். பார்த்தோ, ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனை வேணும்.

ஆபத்தை எப்படிக் கணக்கிடுவது?

எவ்வளவு குடித்தார்கள் என்பது மட்டும் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்கணும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

• 0.1% இருந்தால்: 5 மில்லிகிராம் டிஇஜி. கிலோவுக்கு சுமார் 0.4 மில்லிகிராம்.
• 48.6% இருந்தால்: 2,430 மில்லிகிராம். கிலோவுக்கு சுமார் 200 மில்லிகிராம், அதாவது 0.18 மில்லி.

ஹெய்ட்டியில் 1995-96-ல் இதேபோல் பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, கிலோவுக்கு 0.22 மில்லி அளவிலேயே சிலருக்குப் பாதிப்பு வந்தது தெரிந்தது. மேலே சொன்ன குழந்தை இரண்டே வேளையில் அந்த அளவைத் தாண்டிவிடும். அதே மருந்தைப் பெரியவர் குடித்தால் எடை அதிகம் என்பதால் கிலோ கணக்கு குறையும். குழந்தைகளே அதிகம் பலியாவதற்கு இது ஒரு காரணம்.

இது முதல் முறையா?

இல்லை. 1937-ல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவில் 1972-ல் சென்னை, 1986-ல் மும்பை, 1998-ல் குருகிராம் என இது தொடர்கிறது. பல முறை தப்பியது ஒரே சோதனை: வாங்கிய கரைப்பானை, மருந்தில் சேர்ப்பதற்கு முன் பரிசோதிப்பது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் வேண்டாம் என்பது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. 5 வயது வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. சிரப் குடித்த பிறகு வாந்தி, வயிற்றுவலி வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. அதிலுள்ள பேட்ச் எண் மற்ற குழந்தைகளையும் காப்பாற்றலாம்.