மாற்றலாகிப் போனவர்கள் எங்கே? - ஓர் அமெரிக்கக் கணக்கின் வரலாறு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் ஷார்ப்ஸ்டவுன் என்ற உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 2001-02 கல்வியாண்டில் அந்தப் பள்ளியை விட்டு 463 மாணவர்கள் வெளியேறினார்கள். அவர்களில் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? பள்ளி அரசுக்குக் கொடுத்த கணக்கு: பூஜ்யம்!

வேறு பள்ளிக்குப் போய்விட்டார், சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார், தனித்தேர்வு எழுதப் போகிறார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணக் குறியீடு கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. 'இடைநின்றவர்' என்ற குறியீடு மட்டும் யாருக்கும் இல்லை.

இதில் பள்ளிக்கு என்ன லாபம்? ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகள். ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகள் கழித்து 60 பேர் பட்டயம் பெறுகிறார்கள். 30 பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். மீதிப் பத்துப் பேர் இன்னும் முடிக்கவில்லை. உண்மையான விகிதம் 60 சதவீதம். அந்த 30 பேரையும் 'மாற்றலாகிச் சென்றார்' என்று எழுதிவிட்டால் மொத்தமே 70 பேர்தான் என்றாகிவிடும். விகிதம் 86 சதவீதத்தைத் தொட்டுவிடும். கூடுதலாக ஒரு பிள்ளைகூடப் படித்து முடிக்கவில்லை, ஒரு சொல் மட்டும்தான் மாறியது. அதைவிட மோசமான விளைவு வேறொன்று உண்டு. இடைநின்றவர் என்று எழுதப்பட்டவரைத் தேடிப் போக ஓர் ஆளாவது இருப்பார். மாற்றலாகிப் போனவரை யார் தேடுவார்கள்?

ஹூஸ்டன் அப்போது நாடே திரும்பிப் பார்த்த நகரம். அதன் பள்ளிகளை 1994 முதல் நிர்வகித்த ராட் பெய்ஜ், 2001இல் ஜார்ஜ் புஷ் அரசில் கல்வி அமைச்சரானார். மறு ஆண்டு ஜனவரியில் டெக்சாஸ் பாணியைப் பின்பற்றிய புதிய கல்விச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. அதே 2002இல் சிறந்த நகரப் பள்ளி நிர்வாகத்துக்கான பிராட் பரிசும் ஹூஸ்டனுக்கே கிடைத்தது. முதல்வர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான். எண்கள் நன்றாக இருந்தால் ஊக்கத்தொகை, இல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து. அப்படியொரு சூழலில் பூஜ்யம் வந்ததில் வியப்பில்லை.

ஷார்ப்ஸ்டவுனின் துணை முதல்வர் ராபர்ட் கிம்பல் இதை வெளியே சொன்னார். 2003இல் மாநில அரசு 16 பள்ளிகளின் பதிவேடுகளைத் தணிக்கை செய்தது. 2000-01இல் வெளியேறிய சுமார் 5,500 மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை இடைநின்றவர்களாகக் கணக்கிட்டிருக்க வேண்டும், ஆனால் அப்படிச் செய்யவில்லை என்பது தெரிந்தது.

எல்லாவற்றையும் மோசடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வாடகை கட்ட முடியாத குடும்பம் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்கிறது. தொலைபேசி வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "டல்லாஸ் பக்கம் போய்விட்டார்கள் போலிருக்கிறது" என்கிறார். பள்ளி அலுவலக எழுத்தர் என்ன எழுதுவார்? நம் ஊரில் டி.சி. வாங்காமல் மாணவர் வேறு பள்ளிக்குப் போவது கடினம். அங்கே பெரும்பாலும் புதிய பள்ளிதான் பழைய பள்ளிக்கு எழுதி ஆவணங்களைக் கேட்டு வாங்கும். அந்தக் கடிதம் வராவிட்டால், பிள்ளை உண்மையிலேயே எங்காவது படிக்கிறதா என்பதற்குச் சாட்சியே இல்லை.

அந்தச் சாட்சியைக் கட்டாயமாக்கப் பல ஆண்டுகள் ஆயின. மாநிலத்துக்கு ஒரு கணக்கு என்றிருந்த நிலையை மாற்ற 2005இல் ஆளுநர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2008 அக்டோபரில் மத்திய கல்வித் துறை விதியே கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்க மூன்றே காரணங்கள்: மாற்றலாகியிருக்க வேண்டும், நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும். மாற்றல் என்றால், முறையான பட்டயம் தரும் இன்னொரு பள்ளியில் சேர்ந்ததற்கு எழுத்துபூர்வ ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். புதிய பள்ளி ஆவணம் கேட்டு அனுப்பிய கடிதம் செல்லும். பெற்றோரோ பக்கத்து வீட்டுக்காரரோ வாய்மொழியாகச் சொன்னது செல்லாது. தனித்தேர்வு வகுப்புக்குப் போனவரும் கணக்கிலேயே இருப்பார். இந்த முறையில் 2010-11ஆம் ஆண்டுக்கு வந்த முதல் தேசிய விகிதம் 79 சதவீதம்.

விதி வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. சிகாகோவில் இடைநின்ற மாணவர்கள் மாற்றலானவர்களாகக் காட்டப்பட்டதைப் பத்திரிகையாளர்கள் 2015இல் கண்டுபிடித்தார்கள். நகர நிர்வாகம் தன் 2014ஆம் ஆண்டு விகிதத்தை 69.4இலிருந்து 66.3 சதவீதமாகத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் வந்த புதிய கல்விச் சட்டத்தில் இந்தக் கணக்கு முறை இடம்பெற்றது. கலிபோர்னியாவில் முதியோர் கல்விக்கும் சமுதாயக் கல்லூரிக்கும் போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியது தவறு என்று மத்தியத் தணிக்கை 2018இல் சொன்னது. அம்மாநிலம் முறையை மாற்றியபோது, முந்தைய ஆண்டுகளோடு புதிய எண்ணை ஒப்பிடக் கூடாது என்று தானே அறிவித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. நாட்டை விட்டே போகிறோம் என்று பெற்றோர் சொன்னால், அந்தப் பேச்சைப் பள்ளி அதிகாரி குறித்துக் கோப்பில் வைத்தாலே போதும் என்கிறது 2008 விதிக்கான வழிகாட்டுதல். மெக்சிகோவில் ஏதோ ஒரு கிராமப் பள்ளியிலிருந்து டெக்சாஸுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்க முடியாது என்பதால் கொடுத்த சலுகை அது. ஷார்ப்ஸ்டவுன் பதிவேட்டில் இருந்த குறியீடுகளில் 'சொந்த நாட்டுக்குத் திரும்பினார்' என்பதும் ஒன்று.