பாட்டிலில் அடைத்த சாப்பாடு வந்த கதை

தக்காளி விலை விழும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் காட்டிலேயே விட்டுவிடுவதைப் பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொக்காக்கி பாட்டிலில் அடைத்து விற்கலாமே என்ற பேச்சும் உடனே எழும். வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளைக்குங்க கெடாம இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய்க்காரர். காய், கறி, பால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தக்கையால் இறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் வெகுநேரம் வைத்து எடுத்தார். கெடவில்லை. 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்து, செய்முறையைப் புத்தகமாக எழுத வைத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார் பீட்டர் டூராண்ட். டப்பா வந்துவிட்டது, திறப்பான் வரப் பல பத்து வருஷம் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்! ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே சரியாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் காரணம் என்று பிற்பாடு காட்டியவர் லூயி பாஸ்டர்.

சரியாக அடைத்தால் எவ்வளவு காலம் நிற்கும்? 1865-ல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் பெர்ட்ராண்ட் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. நூறு வருஷத்துக்கு மேல் சேற்றில் கிடந்த அதன் சரக்கை 1968-ல் கண்டுபிடித்தார்கள். 1974-ல் சில டப்பாக்களைச் சோதித்தபோது, தக்காளி உட்பட, கிருமி எதுவும் வளர்ந்திருக்கவில்லை. நிறம், வாசம், வைட்டமின் சி போயிருந்தன.

இதைக் கேட்டு மூடியை இறுக்கினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாதுங்க. பொட்டுலினம் என்று ஒரு கிருமி. காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். அதன் விதை சும்மா கொதிக்க வைத்தால் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற வேண்டும். அதன் விஷத்துக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. ஆனால் புளிப்புக்கு அது பயப்படும். பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் முளைக்காது (எண் குறையக் குறைய புளிப்பு கூடுதல்). தக்காளியோ அந்தக் கோட்டிலேயே நிற்கிற காய், சில ரகம் கோட்டைத் தாண்டியும் விடும். அதனால்தான் வெளிநாட்டில் வீட்டில் தக்காளி அடைக்கிறவர்கள் லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள்.

நம்ம அம்மிச்சிகளுக்கு பிஎச் தெரியாது. கல்லுப்பு, புளி, வெயில், நல்லெண்ணெய் தெரியும். ஜாடியில் எண்ணெய் மிதந்தால் கெடாது என்பார்கள். எண்ணெய் பூசணத்தைத்தான் தடுத்தது. மற்றதைப் புளியும் உப்பும் பார்த்துக்கொண்டன. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில், புளிப்பில்லாமல் எண்ணெயில் போட்டு வெளியே வைத்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த விஷம் ஏறியது.

இப்போது "உப்பு கம்மி, புளிப்பு கம்மி" என்று கேட்கிறவர்கள் அதிகம். அப்படிக் குறைத்த தொக்கு பழைய தொக்கு இல்லை, அதே ஆறு மாசத் தேதியை அதில் ஒட்ட முடியாது. பிஎச் பார்க்கும் தாள் விலை குறைவுதான், ஆனால் தொக்கின் நிறம் தாளில் ஏறி ஏமாற்றும். கருவியில் அளந்து, ஒவ்வொரு அடுப்பு தொக்குக்கும் நோட்டில் எழுதி வைப்பது நல்லதுங்க.