உருளைக்கிழங்கை அழித்தது எது?

பள்ளி உயிரியல் புத்தகத்தில் உயிரினங்களை மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என ஐந்து உலகங்களாகப் பிரித்திருப்பார்கள். பாக்டீரியாக்கள் மொனிராவில் வரும். பெரும்பாலோர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடம் இது. ஆனால் ஓர் உயிரினம் எது, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வி அல்ல. அயர்லாந்தின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள் தொகை சுமார் 82 லட்சம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளை உணவு. விளைந்த தானியமும் வளர்த்த கால்நடையும் நிலத்தின் வாடகைக்கே போய்விடும். மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிறு நிறைய வேண்டுமானால் உருளைக்கிழங்கை விட்டால் வேறு வழியில்லை. ஏழைகள் பயிரிட்டது பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். விதையிலிருந்து அல்லாமல் கிழங்குத் துண்டிலிருந்தே முளைப்பதால், ஒவ்வொரு செடியும் மற்றொன்றின் நகல். கையிலிருக்கும் முதலீடு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் பங்கில் போடுவது போன்ற நிலை!

1845 செப்டம்பரில் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றின. சில நாட்களில் செடிகள் கருகின. தோண்டி எடுத்த கிழங்குகள் அழுகி நாறின. அரசு மூன்று அறிஞர்கள் கொண்ட குழுவை அமைத்தது. மழையும் ஈரமும்தான் காரணம், செடி அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதால் அழுகுகிறது என்பது அக்குழுவில் இருந்த தாவரவியலாளர் ஜான் லிண்ட்லியின் கருத்து. கிழங்குகளைக் காயவைத்து, காற்றோட்டமான குழிகளில் சேமிக்கும்படி குழு அறிவுரை கூறியது. அழுகல் நிற்கவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் நோயுற்ற இலைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இலையின் மேல் மெல்லிய இழைகள் வளர்ந்திருந்தன. நோய்க்குக் காரணமே இந்தப் பூஞ்சைதான் என்று 1846இல் எழுதினார். பலர் ஏற்கவில்லை. அழுகிய பொருளில் பூஞ்சை தானாக வருவது இயல்பு, அது விளைவே தவிர காரணம் அல்ல என்றார்கள். நுண்ணுயிரிகளால் நோய் வரும் என்று பாஸ்டர் நிறுவியதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1846இல் விளைச்சல் கிட்டத்தட்ட முழுவதுமாக அழிந்தது. 1847இல் நோய் குறைவு, ஆனால் நடுவதற்கே கிழங்கு இல்லை. 1848இல் நோய் மீண்டும் வந்தது. பசியாலும் தொற்று நோய்களாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். மேலும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். 1851இல் மக்கள் தொகை சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. இத்தனைக்கும் அந்தப் பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. பயிரைக் கொன்றது ஒரு நுண்ணுயிரி. மக்களைக் கொன்றதில் நிலவுடைமைக்கும் சந்தைக்கும் அரசுக்கும் பங்கு உண்டு.

பெர்க்லி சொன்னது சரி என்று 1861இல் சோதனை மூலம் நிரூபித்தவர் ஜெர்மனியின் அன்டன் டி பாரி. ஆரோக்கியமான செடிகளில் ஸ்போர்களை இட்டு நோய் வருவதைக் காட்டினார். 1876இல் அதற்கு 'பைட்டோப்தோரா' என்று பெயரிட்டார். தாவரத்தை அழிப்பது என்று பொருள்.

கதை இதோடு முடியவில்லை. இந்த உயிரி உண்மையில் பூஞ்சையே அல்ல! பூஞ்சையின் செல்சுவர் முக்கியமாகக் கைட்டினால் ஆனது. இதன் செல்சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது. இதன் ஸ்போர்கள் இரண்டு கசையிழைகளால் நீரில் நீந்துகின்றன. மழைக்காலத்தில் நோய் வேகமாகப் பரவியதன் ரகசியம் இதுதான். லிண்ட்லி பார்த்த ஈரம் பொய்யல்ல, ஆனால் அது குற்றவாளி அல்ல, உடந்தை. இன்று இதை ஊமைசீட்ஸ் என்ற பிரிவில் வைக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவினர்கள் டயாட்டங்களும் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளும். பூஞ்சைகளோ பரிணாம வழியில் விலங்குகளுக்கு அருகில் வருகின்றன.

பெயர் மாறினால் என்ன வந்தது என்று கேட்கலாம். எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தடுத்துப் பூஞ்சைகளைக் கொல்லும் மருந்துகள் பல உண்டு. பைட்டோப்தோரா தானாக எர்கோஸ்டீரால் தயாரிப்பதே இல்லை என்பதால் அவை இதனிடம் எடுபடுவதில்லை. எதிரியைத் தவறான பிரிவில் வைத்தால் விவசாயியின் பணம் வீண்.

உருளைக்கிழங்கு பிறந்த ஆண்டிஸ் மலையில் விவசாயிகள் இன்றும் ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுகிறார்கள். ஒன்று போனாலும் ஒன்று பிழைக்கும். பெருவின் தலைநகர் லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான ரகங்களைப் பாதுகாத்து வருகிறது. அயர்லாந்தின் ஏழைகளிடம் இருந்தது ஏறக்குறைய ஒன்றே ஒன்று. உயிரினங்களின் பன்மையைப் பாடமாகப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.